ஈமக்காட்டின் முகவரி

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் பேருந்தில் நீங்கள் என்றாவது போயிருக்கலாம். சித்தன்னவாசல் பக்கம் வரும்போது, சாலையை ஒட்டிய பொட்டலில் கற்கள் வட்டம் வட்டமாகப் பதிந்து கிடப்பதைக் காணலாம். சில வட்டங்களின் நடுவே பலகைக் கற்கள் நாற்புறமும் செங்குத்தாக நின்று, பாதி புதைந்த பெட்டி போலத் தோன்றும். குன்றின் மேலுள்ள சமணர் படுகையையும் அறிவர் கோயில் ஓவியத்தையும் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கற்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

அவை கல்லறைகள். அறிவர் கோயிலில் ஓவியம் தீட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மண்ணில் வாழ்ந்து, இரும்பு உருக்கி, மண்பாண்டம் வனைந்து, மாண்டு போனவர்களுடைய ஈமக்காடு அது. தொல்லியலார் இவற்றைப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பர். தென்னிந்தியாவில் இவை ஏறத்தாழ கி.மு. 1000 முதல் கி.பி. முதல் நூற்றாண்டுகள் வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்று பொதுவாகக் கூறுவது வழக்கம்.

வகைகள் பல. கற்களை வட்டமாக நட்டால் கல்வட்டம். நிலத்துக்குள் பலகைக் கற்களால் அறை அமைத்தால் கற்பதுக்கை. பெரிய மண்சாடிக்குள் எலும்புகளை வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கற்பதுக்கைகளில் ஒரு சிறப்பு உண்டு. உள்ளே குறுக்குப் பலகைகள் வைத்து அறையைப் பிரித்திருப்பார்கள். ஒரு பலகையில் வட்டமான துளை இருக்கும். இதை இடுதுளை என்கிறோம். கருங்கல் கிடைக்கும் இடத்தில் கருங்கல், செம்புராங்கல் கிடைக்கும் இடத்தில் செம்புராங்கல் என்று பக்கத்தில் கிடைத்ததையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்த உழைப்பைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைக் கல் ஒன்றின் கனஅளவு 0.6 கன மீட்டர். கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2700 கிலோகிராம். ஆகவே அதன் நிறை 1620 கிலோகிராம். நன்கு வளர்ந்த மூன்று எருமைகளின் எடை! கிரேனும் லாரியும் இல்லாத காலத்தில், இறந்துபோன ஒருவருக்காக ஊரே கூடி இழுத்திருக்க வேண்டும்.

புறநானூற்றில் குயவனைப் பார்த்து, தாழியைப் பெரிதாக வனைந்து தா என்று கேட்கும் பாட்டுகள் உண்டு. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி வனையச் சொல்கிறாள். தமிழாசிரியர் அந்தப் பாட்டை நடத்தும்போது, அந்தத் தாழி உங்கள் ஊர்க் கொல்லையிலேயே புதைந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஊரார் இவற்றுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பாண்டவர் குழி, குரங்குப் பட்டறை, மதமதக்கத் தாழி என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெயர் வழங்குகிறது. பெயர் இருக்கிறது, முகவரிதான் இல்லை.

முகவரி இல்லாததன் விளைவு

சித்தன்னவாசல் போன்ற சில இடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அறிவிப்புப் பலகை உண்டு. ஆனால் பெயர்ப் பலகை இல்லாத ஈமக்காடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. கண்மாய்க் கரையில், தைலமரக் காட்டுக்குள், புறம்போக்குத் திடலில் அவை கிடக்கின்றன. மண் அள்ள வரும் இயந்திரத்துக்குக் கல்வட்டம் என்பது ஒரு கற்குவியல். ஓட்டுநருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அது என்னவென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவே. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. காலையில் இருந்த கல்லறை மாலையில் இருக்காது. இருந்தது என்பதற்குச் சான்றும் இருக்காது.

ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டால், "கண்மாய்க்கு மேற்கே, இரட்டைப் பனையைத் தாண்டி, நூறு எட்டு" என்று துல்லியமாகத்தான் சொல்வார். பனையை வெட்டிவிட்டால்? நட்சத்திரங்களையும் பூமியின் நடுக்கோட்டையும் வெட்ட முடியாது என்பதால்தான் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற முகவரியை உலகம் ஏற்றுக்கொண்டது.

நம் பகுதிக்கு இந்தக் கலை புதிதன்று. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவை தெற்கே இறங்கி வந்தது. அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது, 1808இல், கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார் என்பர். இன்று அந்தக் கருவியின் வேலையில் பெரும்பகுதியை உங்கள் வீட்டுக் கைப்பேசி செய்துவிடுகிறது.

ஒரு விளையாட்டு பிறந்த கதை

செயற்கைக்கோள்களின் துணையால் இடம் காணும் முறையை அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. ஜி.பி.எஸ். என்பது அதன் பெயர். பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிகையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறாகக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் நள்ளிரவில், அந்நாளைய அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி இந்தப் பிழையை நிறுத்தினார்கள்.

இதனால் என்ன மாறியது என்று கணக்கிடுவோம். 100 மீட்டர் பிழை என்றால், நீங்கள் தேடவேண்டிய வட்டத்தின் பரப்பு 31,400 சதுர மீட்டர். ஏறத்தாழ எட்டு ஏக்கர். பிழை 5 மீட்டர் என்றால் பரப்பு 78 சதுர மீட்டர்தான். ஒரு பெரிய வகுப்பறை அளவு. எட்டு ஏக்கர் முள்காட்டில் ஒரு கல்லைத் தேடுவதற்கும் ஒரு வகுப்பறையில் தேடுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

ஆணை வந்த இரண்டாம் நாளே, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டில் வைத்து, அந்த இடத்தின் அட்ச தீர்க்க எண்களைக் கணிப்பொறி வலையில் வெளியிட்டார். முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். மூன்றே நாட்களில் இருவர் கண்டுபிடித்துவிட்டனர். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு இப்படித்தான் பிறந்தது. பூமியில் ஒளித்துவைத்ததைத் தேடுதல் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த விளையாட்டுக்காரர்களை ஈர்த்த இடங்களில் ஒன்று இடுகாடு! அமெரிக்காவின் ஐயோவா போன்ற உழவு மாநிலங்களில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, முதன்முதலில் குடியேறிய உழவர்களின் சிறு இடுகாடுகள் தனித்துக் கிடக்கின்றன. கடந்த 50 ஆண்டுகளில் 12 பேருக்கு மேல் அடக்கம் செய்யப்படாத இடுகாட்டை 'முன்னோடி இடுகாடு' என்று ஐயோவா மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. அதாவது, வந்து பார்க்க உறவினர் இல்லாத இடுகாடு. உழவு படாததால், அந்த நாட்டின் பழைய புல்வெளிச் செடிகள் சில இடுகாடுகளில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பது தனிக்கதை.

அங்கே கல்லறை மேல் பெட்டி வைத்தால் யாருக்கும் பிடிக்காது. ஆகவே விளையாட்டுக்காரர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். பெட்டியே வேண்டாம், குறிப்பிட்ட கல்லறைக் கல்லைத் தேடிப் போய், அதிலுள்ள ஆண்டைப் படித்துச் சொன்னால் போதும் என்றார்கள். 2004இல் தொடங்கிய 'எர்த்கேச்' என்ற வகையும் இதே போன்றது. பாறையோ பள்ளத்தாக்கோதான் புதையல். போய்ப் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை எழுத வேண்டும். எதையும் ஒளிப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை.

நம் ஈமக்காடுகளுக்கும் பொருந்தக் கூடியது இந்தப் பெட்டியில்லா முறைதான் என்பது என் கருத்து.

எண் எப்படிக் கிடைக்கிறது?

மூன்று ஊர்களில் திருவிழா. மூன்றிலும் இரவு சரியாக எட்டு மணிக்கு ஓர் அதிர்வேட்டுப் போடுகிறார்கள் என்று கொள்வோம். முதல் வேட்டின் ஓசை உங்களுக்கு 9 விநாடி கழித்துக் கேட்டால், ஒலி விநாடிக்கு 340 மீட்டர் செல்வதால், அந்த ஊரிலிருந்து 3 கி.மீ. தொலைவில் நிற்கிறீர்கள். அதாவது அந்த ஊரை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் மேல் எங்கோ ஓரிடத்தில். இரண்டாவது வேட்டு இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்கள் இரண்டு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது வேட்டு அந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும்.

ஜி.பி.எஸ். செய்வதும் இதுவே. வேட்டுக்குப் பதில் ரேடியோ அலை. ஊருக்குப் பதில் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள். அலை உங்களை அடைய விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். இதில் சிக்கல் கடிகாரத்தில் வருகிறது. ஒலியில் ஒரு விநாடி பிழைத்தால் 340 மீட்டர் தவறு. ஒளி வேகத்தில் ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீட்டர் தவறு! கோளில் அணுக்கடிகாரம் உண்டு. கைப்பேசியில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். எனவே நான்காவதாக ஒரு கோளின் குறிகையையும் வாங்கி, கைப்பேசியின் கடிகாரப் பிழையையும் ஓர் அறியாத எண்ணாக வைத்துச் சமன்பாட்டைத் தீர்க்கிறார்கள். நான்கு அறியா எண்கள், நான்கு சமன்பாடுகள். ஐன்ஸ்டீனின் சார்பியலுக்கும் இங்கே வேலை உண்டு. கோளின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. தவறு சேரும். இந்தியாவும் 2013 முதல் நாவிக் என்னும் தனக்கான கோள்களை ஏவிவருகிறது.

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். மரங்களுக்கு அடியிலும் பாறைச் சுவர் அருகிலும் பிழை கூடும். எனவே ஒரே அளவீட்டை நம்பாதீர்கள். கால் மணி நேரம் இடைவெளி விட்டு நான்கைந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். இடைவெளி ஏன்? அடுத்தடுத்த நொடிகளில் அதே கோள்கள், அதே பிழை. கோள்கள் நகர்ந்த பிறகு எடுத்தால்தான் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும்.

எத்தனை தசம இடம்?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. அதை 360ஆல் வகுத்தால், அட்சரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், அங்கே 111ஐ அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். புதுக்கோட்டையின் அட்சம் 10.38 பாகை, கொசைன் 0.98, ஆகவே 109 கி.மீ. உல்மர் வாளி வைத்த ஓரிகன் காடு 45 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. அங்கே ஒரு பாகைக்கு 78 கி.மீ.தான்.

ஒரு பாகை 111 கி.மீ. என்றால் முதல் தசம இடம் 11 கி.மீ.; இரண்டாவது 1.1 கி.மீ.; மூன்றாவது 110 மீட்டர்; நான்காவது 11 மீட்டர்; ஐந்தாவது ஒரு மீட்டர். கைப்பேசி ஏழு தசமம் காட்டினாலும், கருவியின் பிழையே 5 மீட்டர் என்னும்போது ஆறாவதும் ஏழாவதும் வெறும் அலங்காரம். (செய்முறைத் தேர்வில் கால்குலேட்டர் காட்டிய ஒன்பது இலக்கங்களையும் அப்படியே எழுதி வைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மீட்டர் அளவுகோலால் அளந்த நீளத்துக்கு ஒன்பது இலக்கம்!)

ஆனால் ஈமக்காட்டைப் பொறுத்தவரை தசம இடம் துல்லியத்தை மட்டும் குறிப்பதில்லை. எவ்வளவு ரகசியத்தை வெளியிடுகிறீர்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இரண்டு தசம இடம் கொடுத்தால் ஏறத்தாழ 300 ஏக்கரைக் காட்டுகிறீர்கள். மூன்று கொடுத்தால் மூன்று ஏக்கர். ஐந்து கொடுத்தால், மண்வெட்டியை எங்கே போடவேண்டும் என்றே சொல்லிவிடுகிறீர்கள்.

மண்வெட்டியோடு வருகிறவர்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. தாழிக்குள் தங்கம் இருக்கும் என்ற நம்பிக்கை பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுகளுக்கு முன்னர் நடத்திய அகழாய்வில் பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் மிகப் பெரும்பாலான குழிகளில் இருப்பவை கறுப்பு சிவப்பு மண்கலம், துருப்பிடித்த இரும்பு, சில மணிகள், எலும்புத் துண்டுகள். தங்கம் தேடுகிறவன் இவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் போவான்.

இங்கேதான் சங்கடம். எண்ணை வெளியிடாவிட்டால், தெரியாமல் இயந்திரம் இடித்துவிடும். வெளியிட்டால், தெரிந்தே திருடன் தோண்டிவிடுவான். ஒரே எண்ணுக்கு இரண்டு முகம். என் முடிவு இது: முழு எண், அதாவது ஐந்து தசம இடம், தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் போகட்டும். சுவரொட்டி, பள்ளி மலர், நண்பர் குழு ஆகியவற்றுக்கு இரண்டு தசமத்துக்கு மேல் வேண்டாம். தேடும் விளையாட்டை, ஏற்கனவே பலகை வைத்துப் பாதுகாக்கப்படும் இடங்களில் மட்டும் விளையாடுவோம். அவற்றின் முகவரி எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொரு எச்சரிக்கை. பல கைப்பேசிகள் நீங்கள் எடுக்கும் படத்துக்குள்ளேயே அட்ச தீர்க்க எண்ணையும் சேர்த்துச் சேமிக்கின்றன. நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் படம் சொல்லிவிடும். வெளியிடப் போகும் படத்தை எடுக்குமுன் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மண்ணுக்குள் ஒரு கடிகாரம்

"தோண்ட மாட்டோம் ஐயா, மேலே கிடக்கும் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. காரணம் இயற்பியலில் இருக்கிறது.

மணலில் குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள்கள் உள்ளன. மண்ணில் சிறிதளவு இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, இந்தத் துகள்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பெயர்த்துப் படிகக் குறைபாடுகளில் சிக்கவைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிக்கியவை பெருகும். சூரிய ஒளி பட்டால் சில நிமிடங்களில் அவை விடுபட்டு, கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு துகளில் எத்தனை எலெக்ட்ரான்கள் சிக்கியுள்ளன என்று அளந்தால், அது கடைசியாக எப்போது வெயில் கண்டது, அதாவது எப்போது புதைக்கப்பட்டது என்று அறியலாம். இதற்கான மண்ணை ஒளி புகாத உலோகக் குழாயை அடித்து எடுப்பார்கள். ஆய்வுக்கூடத்திலும் மங்கிய சிவப்பு விளக்கில்தான் கையாள்வார்கள். புதைந்த மண்ணை நீங்கள் வெளியே கிளறிய கணமே, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளாக ஓடிய கடிகாரம் அழிந்துவிடும். எந்த விஞ்ஞானியாலும் அதை மீட்க முடியாது.

தாழிக்குள் இருக்கும் மண்ணும் அப்படியே. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல்லைக் கரிமக் கதிரியக்க முறையில் ஆராய்ந்து, அது கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. தங்கம் தேடுகிறவன் அந்தத் தாழியை முதலில் கண்டிருந்தால் நெல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுப் போயிருப்பான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தற்செயலாகப் புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளுக்கு என்று எழுதப்பட்டது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!

நீங்கள் செய்யக்கூடியது

முதலில் திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், ஈமப் பொருள்களையும் மண்கலங்களையும் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். பிறகு சித்தன்னவாசல். கூட்டாளிகளுக்கு வினாத்தாளை நீங்களே தயாரிக்கலாம். இந்த எண்ணுள்ள இடத்திலுள்ள வட்டத்தில் எத்தனை கற்கள் நிற்கின்றன? பலகையின் துளை எந்தத் திசையை நோக்குகிறது? காந்த ஊசி என்ன சொல்கிறது? வட்டத்தின் விட்டம் எத்தனை எட்டு, எத்தனை மீட்டர்? கையில் நாடா, காந்த ஊசி, குறிப்பேடு போதும். கல்லின் மேல் ஏறுவதும் சாக்பீசால் எழுதுவதும் வேண்டாம்.

உங்கள் ஊரில் பதிவாகாத கல்வட்டமோ தாழி விளிம்போ இருப்பதாகப் பெரியவர்கள் சொன்னால், ஆசிரியருடன் போய்ப் பாருங்கள். பட்டா நிலமாக இருந்தால் நிலத்துக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நாள், நேரம், ஐந்து தசம எண், கைப்பேசி காட்டும் பிழை அளவு, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் புல எண்ணும் கிடைக்கும். அரசுக் கோப்பில் தசம எண்ணைவிட அதற்கே மதிப்பு அதிகம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஒரு படியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நில அளவை வரைபடத்தில் இருக்கும் எண்ணும் உங்கள் எண்ணும் நூறு மீட்டருக்கு மேல் வேறுபட்டால் கலங்க வேண்டாம். அந்த வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்பவர் கணித்த வேறு அளவைக் கொண்டு வரையப்பட்டவை.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. புதுக்கோட்டை நகரம்: வடக்கு 10.38, கிழக்கு 78.82. சித்தன்னவாசல்: வடக்கு 10.46, கிழக்கு 78.72. வடக்கே எத்தனை கி.மீ., மேற்கே எத்தனை கி.மீ. என்று கண்டு, பித்தகோரஸ் தேற்றத்தால் நேர்த் தொலைவைக் காணுங்கள். பேருந்து செல்லும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு தசம இடங்களே கொடுத்திருப்பதால் உங்கள் விடையில் எத்தனை கி.மீ. வரை பிழை இருக்கலாம்?